நோட்பேடும் ஒரு ஜோடி ஹெட்போனும்

"வீடியோ கேம்" என்ற பெயரிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. வீடியோ இல்லாவிட்டால் கேமே இல்லை என்று அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது. ஆனால் திரையில் ஒரு படம்கூட இல்லாமல், சத்தத்தை மட்டும் வைத்து ஆடுகிற கம்ப்யூட்டர் விளையாட்டுகள் பல வருஷமாக இருக்கின்றன. ஆடியோ கேம் என்று பெயர். ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் பார்வையற்றவர்கள். இது பலருக்குத் தெரிந்திருக்கலாம். அதிகம் தெரியாத விஷயம், இந்த விளையாட்டுகளை எழுதுகிறவர்களிலும் நிறையப் பேர் பார்வையற்றவர்கள் என்பதுதான். அந்த நிலைமை எப்படி வந்தது, எங்கே கதவு அடைபட்டது, எது அதைத் திறந்தது என்று கொஞ்ச நாளாகத் துழாவிக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பி.காம். படித்து வங்கியில் சேர்ந்தவன். புரோகிராம் எழுதிப் பிழைப்பவன் இல்லை. அதனால் நடுநடுவே கணக்குப் பிள்ளை பாஷை வரும். சாப்ட்வேர்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கம்ப்யூட்டருக்கு முன்னாலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். 1922-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில், தொழிற்சாலையில் வேலை பார்த்த பார்வையற்ற தொழிலாளிகள் இரண்டு பேர் ஒரு தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் கிரிக்கெட் ஆட ஆரம்பித்தார்கள். பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு அதுதான் ஆரம்பம் என்கிறார்கள். இன்றைக்கு அந்த ஆட்டத்துக்கு உலகக் கோப்பையே இருக்கிறது. முதல் உலகக் கோப்பை 1998-இல் நம் டெல்லியில்தான் நடந்தது. தகர டப்பா போய், உள்ளே பேரிங் குண்டுகள் போட்ட பிளாஸ்டிக் பந்து வந்துவிட்டது. பந்து போடுபவர் "ரெடி?" என்று கேட்பார், மட்டையாளர் "யெஸ்" என்பார், அப்புறம் "ப்ளே" என்று கத்திவிட்டுத்தான் தரையோடு உருட்டிவிட வேண்டும். பதினொரு பேரில் நாலு பேராவது முழுக்கப் பார்வை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ரன் இரட்டிப்பாகக் கணக்கில் ஏறும்.

இந்த ஆட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உருளும் வரைக்கும்தான் பந்து சத்தம் போடும். புல்லில் நின்றுவிட்டால் அது மாயமாகிவிடும். பீல்டர் தரையைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆடியோ கேம் எழுத உட்காருகிற எவருக்கும் முதல் விதி இதுதான்: சத்தம் போடாத பொருள் அந்த உலகத்தில் இல்லவே இல்லை. சும்மா நிற்கிற கதவுகூட ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த விதிக்குப் பின்னால் வருவோம்.

எலெக்ட்ரானிக் விளையாட்டுகளில் காதால் ஆடக்கூடிய முதல் சரக்கு, யாரும் உத்தேசிக்காமல் வந்தது. 1974-இல் அடாரி கம்பெனி "டச் மீ" என்று ஒரு மெஷினை விட்டது. நாலு விளக்கு, நாலு பட்டன், நாலு சத்தம். மெஷின் ஒரு வரிசையைப் போட்டுக் காட்டும், நாம் அதே வரிசையைத் திருப்பி அழுத்த வேண்டும். பெரிதாக ஓடவில்லை. 1976-இல் ஒரு கண்காட்சியில் இதை ரால்ப் பேர் பார்த்தார். 1972-இல் வந்த உலகத்தின் முதல் வீட்டு வீடியோ கேம் கருவியான மாக்னவாக்ஸ் ஒடிஸியின் மூலகர்த்தா அவர்தான். யோசனை நல்லது, ஆனால் சத்தம் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்று அவருக்குப் பட்டது. ஹோவர்ட் மாரிசன் என்பவரோடு சேர்ந்து அதையே திருத்திச் செய்தார். எந்த வரிசையில் வாசித்தாலும் அபஸ்வரமாகாத நாலு ஸ்வரம் வேண்டும். கலைக்களஞ்சியத்தைப் புரட்டியவருக்கு ராணுவத்தில் ஊதும் பியூகிளில் விடை கிடைத்தது. அந்த ஸ்வரங்களைத்தான் எடுத்துக்கொண்டார். 1978-இல் மில்டன் பிராட்லி கம்பெனி அதை "சைமன்" என்ற பெயரில் விற்றது. சக்கைப்போடு போட்டது.

ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஸ்வரம், பட்டனோ இடம் மாறாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டும் ஆடலாம். சத்தம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒருவர் மெனக்கெட்டதில் தானாகக் கிடைத்த லாபம் இது.

இரண்டாவது விபத்து இன்னும் பெரியது. 1975-76 வாக்கில் வில் க்ரௌதர் என்ற அமெரிக்கப் புரோகிராமர், விவாகரத்துக்குப் பிறகு தன் பெண்கள் ஆடுவதற்காக ஒரு குகை விளையாட்டை எழுதினார். அவருக்குக் குகைகளுக்குள் இறங்கிச் சுற்றுவது பொழுதுபோக்கு. படம் கிடையாது. "நீ ஒரு சாலையின் முடிவில் நிற்கிறாய்" என்கிற மாதிரி வாக்கியங்கள் வரும். நாம் "வடக்கே போ", "விளக்கை எடு" என்று டைப் அடிக்க வேண்டும். 1977-இல் டான் வுட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார். 1980-இல் இன்போகாம் கம்பெனியின் "ஸார்க்" வந்து இந்த வகையைக் கடைக்குக் கொண்டுவந்தது.

முழுக்க எழுத்து. எழுத்தை வாய்விட்டுப் படிக்க ஒரு மெஷின் கிடைத்தால் போதும், பார்வையற்றவரும் மற்றவர்களும் சரிக்குச் சமம். அந்த மெஷினும் அதே காலத்தில் வந்துகொண்டிருந்தது. டென்னிஸ் க்ளாட் என்ற ஆராய்ச்சியாளரின் உழைப்பை வைத்து டிஜிட்டல் கம்பெனி 1984-இல் "டெக்டாக்" என்ற பேசும் பெட்டியை விட்டது. (ஸ்டீபன் ஹாக்கிங்கின் பிரசித்தி பெற்ற குரலும் க்ளாட்டின் ஆராய்ச்சியில் பிறந்ததுதான்.) 1989-இல் டெட் ஹென்டரின் கம்பெனி டாஸுக்கான "ஜாஸ்" என்ற ஸ்க்ரீன் ரீடரைக் கொண்டுவந்தது. ஹென்டர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-இல் ஒரு கார் விபத்தில் பார்வை போனது, அதற்கப்புறம் புரோகிராமிங் படித்தவர்.

டாஸ் காலத்தில் ஸ்க்ரீன் ரீடர் வேலை செய்தவிதம் எளிமையானது. திரை என்பது 80 பத்தி, 25 வரி. மொத்தம் 2000 எழுத்துகள். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று கம்ப்யூட்டரின் நினைவகத்தில் அப்படியே இருக்கும், லெட்ஜர் மாதிரி. ஸ்க்ரீன் ரீடர் அந்த லெட்ஜரைப் பார்த்துப் படித்தது. விளையாட்டை ஆடவும் இதுவே வழி, விளையாட்டை எழுதவும் இதுவே வழி. புரோகிராமும் எழுத்துதானே! அந்தச் சில வருஷங்கள் ஆடுகிறவனுக்கும் எழுதுகிறவனுக்கும் நடுவே சுவர் இல்லை.

அப்புறம் விண்டோஸ் வந்தது.

திரையில் இப்போது எழுத்து இல்லை, எழுத்து மாதிரி தெரிகிற புள்ளிகள். லெட்ஜர் போய் அதன் போட்டோ வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவைப் பார்க்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்க்ரீன் ரீடருக்கோ படிக்க ஒன்றுமில்லை. விண்டோஸ் எதை எங்கே வரைகிறது என்று ஒட்டுக்கேட்டு, தனக்கென்று ஒரு நிழல் லெட்ஜரை எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. விண்டோஸுக்கான ஜாஸ் வர 1995 ஆகிவிட்டது. அதற்குள் விளையாட்டுகளும் முழுக்கப் படத்துக்குப் போய்விட்டன.

இந்தச் சுவர் எப்படி எழும்பும் என்று எனக்கு விளையாட்டில் தெரியவில்லை, வேலையில் தெரிந்தது. 2005 வாக்கில் மத்திய இந்தியாவில் ஒரு கிளையில் இருந்தேன். அங்கே பார்வையற்ற சக ஊழியர் ஒருவர், என்னைவிட மூத்தவர். கருப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடுகிற பழைய சாப்ட்வேர் அப்போது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த மெஷின் குரலை நமக்கு ஒன்றுமே புரியாத வேகத்தில் ஓடவிட்டு, டெபாசிட் புதுப்பிப்புகளை எல்லாரையும்விடச் சீக்கிரம் முடித்துவிடுவார். பிறகு மௌஸால் சொடுக்குகிற புதுத் திரைகள் வந்தன. பட்டன் எல்லாம் படம். அவருடைய ஸ்க்ரீன் ரீடர் ஒவ்வொன்றுக்கும் "கிராபிக், கிராபிக்" என்று மட்டும் சொல்லும். ஆளை டெலிபோன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "வேலை தெரியாமல் போகவில்லை தம்பி, வேலையைத்தான் என்னிடமிருந்து ஒளித்து வைத்துவிட்டார்கள்" என்று ஹிந்தியில் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சில மாதம் கழித்து யாரோ புண்ணியவான் பட்டன்களுக்கு எழுத்தில் பெயர் சேர்த்த பிறகு பழைய நாற்காலிக்கு வந்தார்.

முதன்முதலில் ஒரு ஆடியோ கேமை என் காதில் மாட்டியவரும் அவர்தான். ஒரு நிமிஷத்துக்குள் என்னை ஏதோ ஒரு ஜந்து தின்றுவிட்டது. :-)

சரி, கதைக்குத் திரும்புவோம். சுவர் எழும்பிய அந்த நேரத்தில் ஜப்பானில் ஒரு கதை நடந்தது. கென்ஜி ஈனோ என்று ஒரு விளையாட்டுத் தயாரிப்பாளர். வார்ப் என்ற சின்னக் கம்பெனி நடத்தினார். 1995-இல் வந்த "டி" என்ற திகில் விளையாட்டால் பெயர் வாங்கியவர். அவருக்குப் பார்வையற்ற ரசிகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. இவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்தார். பார்வை உள்ளவர்களுக்காகச் செய்த ஆட்டங்களை, சத்தத்தை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி ஆடிக்கொண்டிருந்தார்கள். 1997-இல் ஈனோ "ரியல் சவுண்ட்: காஸே நோ ரிக்ரெட்" என்ற விளையாட்டை சேகா சாட்டர்ன் கருவிக்கு வெளியிட்டார். படமே இல்லை. கேட்டுக்கொண்டே போகிற காதல் கதை, கிளை பிரியும் இடத்தில் ஒரு மணியோசை, அங்கே எந்தப் பக்கம் என்று நாம் முடிவெடுக்க வேண்டும். பிரெய்லியில் குறிப்பும் கூடவே வந்தது. இந்த விளையாட்டை சாட்டர்னுக்கு மட்டுமே தருவதென்றால், பார்வையற்றவர்களுக்கு ஆயிரம் சாட்டர்ன் கருவிகளை இலவசமாகக் கொடுக்க வேண்டும், விளையாட்டின் ஆயிரம் பிரதிகளை நான் தருகிறேன் என்று சேகாவிடம் பேரம் பேசிச் சம்மதிக்க வைத்தார். கதை எழுதியவர் யூஜி சகமோட்டோ. 2023-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது வாங்கினாரே, அவரேதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அதிசயமாகவே படாது. சினிமாவையே காதால் பார்த்தவர்கள் நாம். நடுவில் ஒரு மணி அடித்து "கதாநாயகன் இப்போது வீட்டுக்குப் போகட்டுமா, ஸ்டேஷனுக்குப் போகட்டுமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அதுதான் ஈனோ செய்தது. 2013-இல், நாற்பத்திரண்டு வயதிலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனாலும் என் கணக்குப்படி இது கொடைதான். ஒரு நல்ல மனுஷன் கொடுத்தார், மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஆட்டத்தை எழுதுகிற கருவி அப்போதும் எதிர்ப் பக்கத்தில்தான் இருந்தது.

அந்தக் கருவி கைமாறிய விதம் கொஞ்சம் வேடிக்கையானது. 1998-இல் மைக்ரோசாப்ட் விஷுவல் பேசிக் 6 வெளியிட்டது. பெயரில் "விஷுவல்" இருந்தாலும், அடியில் எல்லாம் எழுத்து. ஜாஸ் அதை ஓரளவுக்குப் படித்துக் காட்டியது. 1999-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 7, அதுவரை சி மொழிக்காரர்களுக்கு மட்டும் வாய்த்திருந்த ஒலி வசதிகளை விஷுவல் பேசிக்காரர்களுக்கும் திறந்துவிட்டது. சத்தத்தை இடது பக்கம், வலது பக்கம் தள்ளலாம், பல சத்தங்களை ஒரே நேரத்தில் கலக்கலாம், தூரத்துக்கு ஏற்ப மங்க வைக்கலாம். இந்த இரண்டும் சேர்ந்த பிறகு வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஆடியோ கேம் எழுதுகிற ஆட்கள் முளைத்தார்கள். கனடாவில் டேவிட் கிரீன்வுட்டின் ஜிஎம்ஏ கேம்ஸ் 2001-இல் "ஷேட்ஸ் ஆஃப் டூம்" கொண்டுவந்தது. 1993-இன் பிரபலமான "டூம்" மாதிரி துப்பாக்கியோடு தாழ்வாரங்களில் அலைகிற ஆட்டம், ஆனால் முழுக்கக் காதுக்கு. அமெரிக்காவில் லியம் எர்வன் என்ற பார்வையற்ற இளைஞர் "சூப்பர் லியம்" எழுதினார். இன்னும் பலர். பெரும்பாலும் ஒற்றை ஆள் கம்பெனிகள்.

இவர்கள் எல்லோரும் மோதிய பிரச்சினை ஒன்று. அதைச் சொல்ல, காது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பேச வேண்டும்.

வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தால், அது வலது காதுக்கு முதலில் வரும், இடது காதுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். எவ்வளவு தாமதம்? அதிகபட்சம் சுமார் 0.6 அல்லது 0.7 மில்லிவினாடி. அதோடு, தலை நடுவில் மறைப்பதால் இடது காதில் சத்தம் குறைவாகவும் கேட்கும். இந்த இரண்டு வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது என்று ராலே பிரபு 1907-இல் எழுதினார். கட்டைச் சத்தத்துக்கு நேர வித்தியாசம், கீச்சுச் சத்தத்துக்கு அளவு வித்தியாசம். ஹெட்போனில் இடது பக்கச் சத்தத்தைக் கூட்டி வலதைக் குறைத்தால் காது ஏமாந்துவிடும். இது சுலபம்.

முன்னும் பின்னும்தான் வம்பு. நேர் எதிரில் இருக்கிற புலியும் நேர் பின்னால் இருக்கிற புலியும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கேட்கும். நிஜ வாழ்க்கையில் காது மடலின் வளைவுகள் சத்தத்தின் தன்மையை லேசாக மாற்றி நமக்குத் துப்புக் கொடுக்கின்றன, தலையையும் திருப்பிப் பார்த்துக்கொள்கிறோம். ஹெட்போனில் இரண்டும் இல்லை. காது மடலின் வேலையைக் கணக்குப் போட்டுச் செய்கிற முறைகள் இருக்கின்றன, ஆனால் ஒருவர் காது மாதிரி இன்னொருவர் காது இருப்பதில்லை. மேஜை ஓரத்து ஆடியோ கேம்காரர்கள் இதற்கு ஒரு நாட்டு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். பின்னால் இருக்கும் பொருளின் சுருதியைக் கொஞ்சம் இறக்கிவிடுவது! இயற்கையில் அப்படி ஒன்றும் கிடையாது. வெறும் ஒப்பந்தம். வரைபடத்தில் நீலம் என்றால் கடல் என்று நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோமே, அந்த மாதிரி. பத்து நிமிஷம் ஆடினால் பழகிவிடும் என்கிறார்கள். எனக்கு அரை மணி ஆயிற்று.

இன்னும் இப்படி எத்தனையோ. பக்கத்தில் வழி திறந்தால் அந்தக் காதில் காற்றுச் சத்தம். தரை மாறினால் காலடிச் சத்தம் மாறும். சரளை, மரப்பலகை, தண்ணீர் என்று அதை வைத்தே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். சுவரில் முட்டினால் ஒரு "டொக்". மெல்போர்ன் தகர டப்பாவின் விதிதான் எல்லாவற்றுக்கும் அடியில்.

விஷுவல் பேசிக் காலம் நீடிக்கவில்லை. 2008 ஏப்ரலோடு மைக்ரோசாப்ட் அதில் புரோகிராம் எழுதும் சாப்ட்வேருக்கான ஆதரவை நிறுத்தியது. அதற்கு முன்பே, டைரக்ட்எக்ஸையும் விஷுவல் பேசிக்கையும் இணைத்த கோப்பு விஸ்டாவோடு வரவில்லை. உழைத்துச் செய்த விளையாட்டுகள் புது கம்ப்யூட்டர்களில் ஓட மறுத்தன. புதிதாக எழுத வருகிற பையனுக்கு நிலைமை இன்னும் மோசம். முதல் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னாலேயே ஜன்னல் திறக்க, ஒலிக்கருவியைத் தயார் செய்ய, கீபோர்டைப் பிடிக்க என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். பெரிய கம்பெனிகளின் விளையாட்டுத் தயாரிப்புக் கருவிகளோ இழுத்து வைத்து, சொடுக்கி, கண்ணால் சரிபார்க்கிறவை. எங்கள் கிளையின் "கிராபிக், கிராபிக்" கதைதான்.

இங்கேதான் பிலிப் பென்னபால் வருகிறார். ஸ்வீடன்காரர், பார்வையற்றவர். பிளாஸ்ட்பே ஸ்டூடியோஸ் என்ற பெயரில் தானே ஆடியோ கேம்கள் எழுதி விற்றுக்கொண்டிருந்தவர். 2010-களின் தொடக்கத்தில் அவர் "பிளாஸ்ட்பே கேம் டூல்கிட்", சுருக்கமாக பிஜிடி, என்ற கருவியை வெளியிட்டார். உள்ளே இருந்த மொழி அவர் கண்டுபிடித்தது இல்லை. ஆண்ட்ரியாஸ் யோன்சன் 2003-இல் வெளியிட்ட ஏஞ்சல்ஸ்க்ரிப்ட். பென்னபால் செய்தது வேறு. தான் பட்ட கஷ்டங்களை எல்லாம் ஒற்றை வரிக் கட்டளைகளாகச் சுருக்கிவிட்டார். ஜன்னல் திறக்க ஒரு வரி. சத்தத்தை ஏற்ற ஒரு வரி, வாசிக்க ஒரு வரி. ஸ்க்ரீன் ரீடரைப் பேச வைக்க ஒரு வரி. பின்பக்கம் சுருதியை இறக்குகிற அந்த நாட்டு வைத்தியமும் உள்ளேயே வந்துவிட்டது. எழுதுவதற்குத் தனி சாப்ட்வேர் வேண்டாம், நோட்பேட் போதும். முதலில் விலைக்கு விற்றார், பிறகு இலவசமாக்கினார்.

அதில் ஒரு ஆட்டம் எப்படிப் பிறக்கும் என்று சொன்னால்தான் அந்தக் கருவியின் அருமை தெரியும். கொசு அடிக்கிற ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு ஜன்னலைத் திறக்கிறோம். அதில் எதையும் வரையப் போவதில்லை, கீபோர்டு அழுத்தங்களை வாங்க ஒரு கவுண்டர், அவ்வளவுதான். இரண்டு எண்கள் வைத்துக்கொள்கிறோம். நான் நிற்கிற இடம், கொசு இருக்கிற இடம். கொசுவின் ரீங்காரத்தை ஓயாமல் சுற்றிச் சுற்றி ஓடவிடுகிறோம் (நின்றால் கொசு இல்லை!). அப்புறம் ஒரு சுழற்சி. அதற்குள்ளே சில மில்லிவினாடிக்கு ஒரு தரம் இதே வேலை நடக்கும்: இடது அம்பு அழுத்தியிருந்தால் என் எண்ணில் ஒன்று குறை, வலது அம்பு என்றால் ஒன்று கூட்டு. கொசுவின் எண்ணிலிருந்து என் எண்ணைக் கழி. விடை மைனஸ் என்றால் சத்தத்தை இடது காதுப் பக்கம் தள்ளு, பிளஸ் என்றால் வலது காதுப் பக்கம். வித்தியாசம் பெரிதானால் சத்தத்தைக் குறை. ஸ்பேஸ் பாரைத் தட்டினானா? வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால் "பட்" என்று அடிச் சத்தம், மார்க்கில் ஒன்று ஏற்று, கொசுவுக்குப் புது இடம் கொடு. இல்லாவிட்டால் காற்றில் கை வீசும் சத்தம். சுழற்சியின் முடிவில் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாத ஒரு சின்ன ஓய்வு. அதை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும்.

முடிந்தது. முப்பது நாற்பது வரி. ஒரு கழித்தல் கணக்கைத் தவிர அதில் கணிதமே இல்லை. வரவு, பற்று, நிலுவை. நிலுவையின் குறியைப் பார்த்துக் காதைத் தேர்ந்தெடுப்பது, அதுதான் மொத்த சூட்சுமம். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் விளைவு என்ன? பத்து, பன்னிரண்டு வருஷங்களுக்கு, வீட்டில் உட்கார்ந்த பள்ளிப் பையன்கள் உட்பட, நிறையப் பேர் எழுதித் தள்ளினார்கள். நல்லது, குப்பை எல்லாம் கலந்துதான். குப்பை எழுதவும் உரிமை வேண்டுமே! பார்வை உள்ள பையன்கள் ஆயிரம் மோசமான விளையாட்டு எழுதித்தான் ஒரு நல்லதுக்கு வருகிறார்கள். ஒரு தலைவலி மட்டும் தீரவில்லை. பிஜிடியில் செய்த விளையாட்டுகளை ஆன்டிவைரஸ் சாப்ட்வேர்கள் அடிக்கடி வைரஸ் என்று பிடித்து அழித்தன. கருவியைத் திருத்தி வெளியிடுவதும் நின்றுபோயிற்று. அதன் மூல நிரல் வெளியில் இல்லாததால் மற்றவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒற்றை ஆள் தோளில் ஒரு ஊரே உட்கார்ந்திருந்தால் இதுதான் நடக்கும்.

இதற்கிடையில் கைப்பேசி வந்தது. 2009-இல் ஐபோனுக்குள்ளேயே ஸ்க்ரீன் ரீடர் வந்தது. 2010-இல் லண்டனிலிருந்து "பாப்பா சாங்ரே", 2015-இல் பிரான்சிலிருந்து "எ பிளைண்ட் லெஜண்ட்", 2021-இல் கனடாவிலிருந்து "தி வேல்". பெரிய பட்ஜெட் "தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2" (2020), பார்வையற்றவர்கள் முதலிலிருந்து கடைசி வரை தனியாக ஆடி முடிக்கும் அளவுக்கு ஒலிக்குறிப்புகளோடு வந்தது. எல்லாம் நல்ல விஷயம். இதில் பாப்பா சாங்ரேவைக் கம்பெனி கைவிட்ட பிறகு காசு கொடுத்துக்கூட வாங்க முடியாது. ஈனோவின் கொடையைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

(நடுவில் ஒரு வங்கிச் செய்தி. புதிதாக வைக்கும் ஏடிஎம்களில் மூன்றில் ஒரு பங்காவது பேச வேண்டும், பிரெய்லி விசைப்பலகை வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் உத்தரவு போட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குரல் சொல்வதைக் கேட்டு, சரியான பட்டனைத் தேடி அழுத்தி... யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு ஆடியோ கேம்தான். ஜெயித்தால் பணம் வரும்.)

2024-இல் பிஜிடியின் இடத்துக்கு வாரிசு வந்தது. சாம் டூபி என்பவர் தொடங்கிய என்விஜிடி, அதாவது நான்விஷுவல் கேமிங் டூல்கிட். அதே ஏஞ்சல்ஸ்க்ரிப்ட் மொழி, அதனால் பழைய பிஜிடி புரோகிராம்களைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்து ஓட்டலாம். விண்டோஸ் மட்டுமில்லாமல் மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டிலும் ஓடும். இந்தத் தடவை மூல நிரல் திறந்தே இருக்கிறது. நாளைக்கே அவர் விலகினாலும் வேறு யாராவது சாவியை எடுத்துக்கொள்ளலாம். இலவசம்தான். கூடவே ஸ்க்ரீன் ரீடர் வேண்டுமானால் ஜாஸுக்குப் பெரிய தொகை அழ வேண்டியதில்லை. மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இருக்கிறது. அவரும் பார்வையற்றவர்தான், அதுவும் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். செய்தி வாசிப்பாளர் குரல் இல்லை, தகரக் குரல்தான், ஆனால் படிக்கும்.

இதை நம் வீடுகளில் யார் செய்து பார்க்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. வெளியூரில் வளர்கிற நம் பிள்ளைகளில் பலர் தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள், எழுத்து வராது. எழுத்தே தேவைப்படாத விளையாட்டு இது. "இடது பக்கம் போ", "கிட்ட வந்துட்டே", "கோட்டை விட்டியே" என்பதையெல்லாம் ஊரில் இருக்கிற பாட்டியின் குரலில் போனில் பதிவுசெய்து வாங்கலாம். கொசுவுக்கு எங்கேயும் போக வேண்டாம், எந்த ஊரிலும் கிடைக்கிறது.

செய்பவர்களுக்கு ஒரு தொழில் குறிப்பு. சத்தங்களை ஸ்டீரியோவில் பதிவுசெய்யாதீர்கள், மோனோ போதும். ஸ்டீரியோவில் ஏற்கெனவே இடது வலது பங்கு பிரித்து வைத்திருப்பதால், புரோகிராம் அதைத் திசைக்குத் தள்ளும்போது கொசு இரண்டு இடத்தில் பறக்கிற மாதிரி குழப்பும். ஆரம்பத்தில் ஒரு வினாடி மௌனம் இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். தட்டிய பிறகு தாமதமாக "பட்" என்று கேட்டால் யாரும் ஆட மாட்டார்கள். ஆடிப் பார்க்கும்போது திரையை அணைத்துவிடுங்கள்.